குடோன்ல 10 நாள் சரக்கு எதுக்கு?

ஓசூர் சிப்காட் பக்கம் இருக்கிற சின்ன வெண்டர் யூனிட்டுகளுக்கு நான் உற்பத்தி ஆலோசகர். உள்ளே போனதும் முதல்ல பார்க்கிறது மெஷினை இல்ல, குடோனை.

ஒரு உதாரணக் கணக்கு. தினமும் 400 பீஸ். ஒரு பீஸுக்கு 50 ரூபாய் ஸ்டீல். பெங்களூர்லேர்ந்து சரக்கு வர 2 நாள். ஆனா குடோன்ல 10 நாள் ஸ்டாக், அதாவது 2 லட்சம் ரூபாய் தூங்குது.

"ஏன் சார்?"னு கேட்டா, "ஜூஜுவாடி செக்போஸ்ட்ல லாரி நின்னுடும்ல"ம்பாங்க. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்ததும் வணிக வரி செக்போஸ்ட்டுகளை மூடியாச்சு. பழக்கத்தை மட்டும் யாரும் மூடல.

அதுக்காக, டொயோட்டாவோட 'ஜஸ்ட் இன் டைம்' பாடத்தை ஒப்பிச்சு ஸ்டாக்கைப் பூஜ்யமாக்கச் சொல்ல மாட்டேன். 2016 செப்டம்பர் காவிரிக் கலவரத்துல எல்லையில வண்டிங்க நின்னதை ஓசூர் மறக்கல.

அதனால ஒவ்வொரு நாள் ஸ்டாக்குக்கும் ஒரு காரணம் எழுதச் சொல்வேன். சரக்கு வந்து சேர 2 நாள். பந்த், மறியலுக்கு 3 நாள். மீதி 5 நாளுக்குக் காரணமே இருக்காது. அந்த 1 லட்சத்தைத்தான் சம்பளத் தேதியில ஓனர் வெளியில வட்டிக்கு வாங்கிட்டிருப்பார்.