மழைக்கு முன் ஒரு முடிவு

(கும்மிடிப்பூண்டியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1957 மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலின் வழியே ஆசிய ஃப்ளூ நம் நாட்டினுள் நுழைந்தது. இன்று கப்பல் வேண்டியதில்லை. மின்சார ரயிலின் நெரிசலில் ஒருவர் இருமினாலே போதும்; வேலைக்குச் சென்று திரும்பும் மகன் வழியாக, வீட்டிலிருக்கும் முதிய தாயை நோய் அடைந்துவிடும்.

ஃப்ளூ ஊசி போடுவதா, வேண்டாமா எனப் பலர் வினவுகின்றனர். அது நோயை முற்றிலும் தடுத்துவிடாது என்பது மெய்யே. ஆயினும் நோயின் கடுமையையும் உயிராபத்தையும் குறைக்கும். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இஃது இல்லாமையால் பெரும்பாலும் கைப்பணம் செலவாகும். ஆகவே, முதலில் யாருக்கு என்று எண்ணுங்கள்: முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா உடையோர். ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கு இவ்வூசி இல்லை; தாய் கர்ப்பகாலத்தில் போட்டுக்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கும் அது காப்பாகும்.

ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். நம் பகுதியிலோ வடகிழக்குப் பருவமழையின்போது நோய் மிகும். ஆதலின், ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதனைப் பேசுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கலந்து, செப்டம்பருக்குள் முடிவு செய்யுங்கள். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் உழவர் அறிந்த முறையன்றோ!