128-ஆ, 320-ஆ? எது எதுன்னு தெரியாம கேட்டுப் பார்த்தேன்

இன்னைக்கு நான் தோத்த ஒரு டெஸ்ட் பத்திப் பேசப் போறேன்.

ஒரு ஃப்ரெண்ட் கேட்டான்: "ஏன்டா உன் ஷோவை 128 கேபிபிஎஸ்ல போடுற? 320-ல போட்டா சவுண்ட் இன்னும் சூப்பரா இருக்கும்ல?" எனக்கும் அதே எண்ணம்தான். 128-க்கும் 320-க்கும் வித்தியாசம் எனக்கு நல்லாவே தெரியும்னு பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன். சரி, ஒரு தடவை ஒழுங்கா டெஸ்ட் பண்ணிடலாம்னு உக்காந்தேன்.

இதுக்குப் பேர் ஏபிஎக்ஸ் டெஸ்ட். ஏ-ன்னா ஒரிஜினல் வேவ் ஃபைல். பி-ன்னா அதையே கம்ப்ரெஸ் பண்ணது. எக்ஸ் இந்த ரெண்டுல ஒண்ணு, ஆனா எதுன்னு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். கேட்டுட்டு ஏ-வா பி-யான்னு நாம சொல்லணும். ஃபூபார்2000 பிளேயர்ல இதுக்கு ஒரு ப்ளகின் இருக்கு. ஒண்ணு முக்கியம்: ரெண்டும் ஒரே வால்யூம்ல இருக்கணும். கொஞ்சம் சத்தமா இருக்கறது எப்பவுமே நல்லா இருக்கற மாதிரி தோணும்.

16 தடவை கேட்டா, குத்துமதிப்பாச் சொன்னாலே 8 வரைக்கும் வந்துடும். 12-க்கு மேல சரியாச் சொன்னாத்தான் காது நிஜமாவே எதையோ பிடிக்குதுன்னு நம்பலாம். ஏன்னா வெறும் அதிர்ஷ்டத்துல 12 எடுக்க 4 சதவீத வாய்ப்புகூட இல்ல.

நம்ம ஷோவோட பேச்சு, 128-ல: 16-க்கு 7. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் இதே மார்க்தான். ஜால்ரா சத்தம் நிறைய வர ஒரு பாட்டு, 128-ல: 13. அதே பாட்டு 192-ல: 9. 320-ஐத் தொடவே வேண்டியிருக்கல. இத்தனை நாளா என் காது கேட்டுச்சுன்னு நினைச்சதெல்லாம் ஃபைல் பேர்ல இருந்த நம்பரைக் கண்ணு பார்த்ததுதான்.

இது எப்படி நடக்குது? சமையலறையில குக்கர் விசில் அடிக்கும்போது ஹால்ல மெதுவாப் பேசறது கேக்காது இல்லையா? பெரிய சத்தம் பக்கத்துல இருக்கற சின்ன சத்தத்தை மறைச்சிடும். எம்பி3 இந்த மறைப்பைத்தான் நம்பி இருக்கு. எது காதுல விழாதோ அங்க பிட்டைக் குறைக்குது. சிடில ஒரு செகண்டுக்கு 1,411 கிலோபிட். 128-ன்னா கிட்டத்தட்ட 11-ல ஒரு பங்கு. ஒரு மணி நேர எபிசோட் சுமார் 58 எம்பில முடிஞ்சிடும். 320-ன்னா 144 எம்பி. பஸ்ல டேட்டா போட்டுக் கேக்கறவங்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

ஆனா மறைக்க எதுவுமே இல்லன்னா மாட்டிக்கும். எம்பி3-ஐ உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். சூசன் வேகாவோட 'டாம்ஸ் டைனர்' பாட்டை வச்சு அவர் டெஸ்ட் பண்ணார். வாத்தியமே இல்ல, வெறும் குரல் மட்டும். ஆரம்பத்துல அந்தக் குரல்தான் ரொம்ப மோசமா வந்துச்சு.

இன்னொரு கஷ்டம், திடீர்னு வர கூர்மையான சத்தம். எம்பி3 சவுண்டை சின்னச் சின்னத் துண்டா வெட்டித்தான் வேலை செய்யும். பிட் பத்தலன்னா, அடி விழறதுக்கு முன்னாடியே அதோட தப்பு துண்டு முழுக்கப் பரவிடும். இதுக்கு ப்ரீ-எக்கோன்னு பேர். 'டக்'னு வர வேண்டியது 'ஷ்டக்'னு வரும்.

இது எனக்கு ஏன் உறைச்சுதுன்னா, காலேஜ்ல படிக்கும்போது பாட்டி கதை சொல்ற ஒரு கேசட்டை லேப்டாப்ல ஏத்தினேன். டிஸ்க்ல இடமில்லன்னு 64-ல எம்பி3 பண்ணிட்டு வேவ் ஃபைலை அழிச்சிட்டேன். அப்புறம் வீடு மாத்தும்போது கேசட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போயிடுச்சு. பாட்டியும் இப்ப இல்ல. அந்த ஃபைல்ல அவங்க கையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் வளையல் சத்தம் ஏதோ ஈரத்துணி தட்டற மாதிரி கேக்கும். கேசட்டே அப்படித்தான் போலன்னு நினைச்சிருந்தேன்.

அந்த வளையலை இப்ப அம்மா போட்டிருக்காங்க. போன வாரம் அவங்களைப் பேச வச்சு ரெக்கார்ட் பண்ணேன். வேவ் ஒண்ணு, 64 ஒண்ணு. ஏபிஎக்ஸ்ல 16-க்கு 16. அதே ஈரத்துணி சத்தம். தப்பு கேசட்ல இல்ல, என்கிட்டதான். அந்த 64 ஃபைலை இப்ப 320-ஆ மாத்தினாலும் போனது திரும்ப வராது. சைஸ்தான் பெருசாகும்.

அதனால நான் முடிவு பண்ணது ரெண்டு. ஷோ 128-லயே தொடரும், உங்க டேட்டா மிச்சம். வீட்டு ரெக்கார்டிங் எல்லாம் ஃப்ளாக்ல. அதுவும் கம்ப்ரெஷன்தான், ஆனா ஒரு பிட்கூட போகாது.

உங்க வீட்ல பழைய கேசட் இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை எடுத்துடுங்க. முதல்ல ஃப்ளாக். எம்பி3 எப்ப வேணா பண்ணிக்கலாம். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.