பலகை மாறியது, நாக்கு மாறவில்லை

(‘பழைய பெயருக்குத் திரும்பிய ஊர்கள்: பெருமையா, வெறும் பலகை மாற்றமா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘பெருமையே’ என்ற அணியில் தஞ்சோங் மாலிம் பேச்சாளர் ஆற்றிய உரை)



பெயரை மாற்றினால் சோறு கிடைக்குமா என்று எதிரணித் தம்பி கேட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார். நான் பதிலுக்கு ஒரு குடும்பக் கணக்கைச் சொல்கிறேன்.

என் தாத்தா கப்பலேறிய ஊர் மெட்ராஸ். வந்து இறங்கிய ஊர் போர்ட் சுவெட்டன்ஹாம். இன்று உலகப் படத்தை விரித்து வைத்துத் தேடினால் இரண்டு பெயருமே இல்லை. இறங்கிய இடம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. ஏறிய இடம் 1996இல் சென்னை ஆனது. எங்கள் பேராக்கிலேயே தெலுக் ஆன்சன் என்ற ஊர், தெலுக் மாக் இந்தான் என்ற பழைய பெயரை ஒட்டி 1982இல் தெலுக் இந்தான் ஆகிவிட்டது. சுவெட்டன்ஹாமும் ஆன்சனும் வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்கள் பெயர் போனதற்கு இங்கே யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. மண்ணின் பெயரை மண்ணுக்கே திருப்பித் தருவது இந்த நாட்டுக்கும் பழகிய காரியம்தான்.

நான் சென்னைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை 1983இல், ‘சிதம்பரம்’ கப்பலில். இரண்டாவது முறை 2023இல், விமானத்தில். நாற்பது ஆண்டுகள் கழித்துப் போகிறோமே, மெட்ராஸ் முழுக்கச் சென்னையாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பெட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தால் ‘எம்.ஏ.ஏ.’ என்று இருக்கிறது. அது மெட்ராஸ் காலத்து எழுத்து. ஆட்டோக்காரரிடம் அண்ணா சாலைக்குப் போகவேண்டும் என்றேன். “மவுண்ட் ரோடுதானே சார்?” என்றார். ரயில் நிலையத்துக்கு 2019இல் எம்.ஜி.ஆர். பெயரை வைத்துவிட்டார்கள், ஊரார் இன்னும் சென்ட்ரல் என்றுதான் சொல்கிறார்கள். உயர்நீதிமன்றம், 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. எல்லாம் ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ்தான்.

இதைத்தான் எதிரணியினர் பிடித்துக்கொள்வார்கள். பார்த்தீர்களா, பலகை மட்டும்தானே மாறியிருக்கிறது என்பார்கள். நடுவர் அவர்களே, அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். 1996இல் மாறியது ஆங்கிலப் பெயர் மட்டும்தான். தமிழ்ப் பத்திரிகை அதற்கு முன்பும் சென்னை என்றுதான் அச்சிட்டது. வானொலியும் சென்னை வானொலி நிலையம் என்றுதான் அறிவித்தது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்த இடத்தைக் கொடுத்த நாயக்கர்களின் தந்தை சென்னப்பர். அவர் பெயரால்தான் சென்னப்பட்டினம் என்று வந்தது என்பார்கள். பக்கத்திலேயே மதராசப்பட்டினம் என்ற பெயரும் இருந்தது. வெள்ளைக்காரன் அதைப் பிடித்துக்கொண்டான், நம் மக்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் வாயில் இருந்ததால்தான் அரசாங்கம் ஒரு நாள் சட்டம் போட முடிந்தது. யாருமே சொல்லாத பெயராக இருந்திருந்தால் எந்தச் சட்டத்தாலும் அதை மீட்டிருக்க முடியாது.

பெயருக்காக உயிரையே கொடுத்தவர் இருக்கிறார். மெட்ராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்து, 1956இல் விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தார். எழுபது நாட்களைத் தாண்டியும் விடவில்லை. அக்டோபர் 13ஆம் நாள் இறந்துபோனார். அண்ணா முதலமைச்சரானபின் 1967 ஜூலை 18இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. சோறு கிடைக்குமா என்று கேட்ட தம்பிக்குச் சொல்கிறேன், சோற்றையே வேண்டாம் என்று தள்ளியவர் வாங்கிக்கொடுத்த பெயர் அது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. எழுத்துக் கூட்டியது சரியில்லை என்று ஊரே பேசியது. ஜூன் மாதத்திலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆக, மேலிருந்து பலகை மாட்டினால் மட்டும் போதாது. மக்கள் நாக்கும் இசையவேண்டும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தோட்டத்துக்குத் துரை வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. நம் தாத்தா பாட்டி வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் வேறொன்று. அந்தத் தமிழ்ப் பெயர் எந்தப் பலகையிலும் ஏறியதில்லை. பால்மரம் போய் எண்ணெய்ப்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய் வீடமைப்பு வந்தது. லயத்தை இடித்தார்கள், கோயிலையும் இடம் மாற்றினார்கள். பல இடங்களில் தோட்டம் போனபின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்பது தமிழ்ப்பள்ளி ஒன்றுதான். அதுவும் துரை வைத்த பெயர். நம்மவர் வைத்த பெயர் கிழவர் கிழவிகளின் வாயில் மட்டும் இருக்கிறது. சென்னைக்குக் கோடி வாய் இருந்தது. நம் தோட்டத்துக்கு எத்தனை வாய் மிச்சம்?

எனவே நான் பெருமை என்று சொல்வதோடு நிற்கப் போவதில்லை. இன்றிரவே வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். நீங்கள் பிறந்த தோட்டத்தைத் தமிழில் எப்படிச் சொன்னீர்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதன் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தாத்தா வந்த கிராமத்தின் பெயரையும் எழுதுங்கள். பழைய தஸ்தாவேஜுகளில் தஞ்சாவூர் டாஞ்சூர் என்றும், திருச்சி டிரிச்சினோபோலி என்றும், நாகப்பட்டினம் நெகபட்டாம் என்றும்தான் இருக்கும். அந்த எழுத்தும் கூடவே இருந்தால்தான் நாளை உங்கள் பேரன் தேடிப்போக முடியும். பழைய பெயரை மீட்கவேண்டும் என்பதற்காக இடையில் வந்த பெயரை அழித்துவிடாதீர்கள். மெட்ராஸ் என்று சொல்லும் பாட்டியைத் திருத்தவும் வேண்டாம். அவர் கப்பலேறியது அந்தப் பெயரில்தான்.

எழுதிய தாளில் ஒரு பிரதியைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் சேர்ந்தால், பலகை மாட்ட ஆள் வரும் நாளில் என்ன எழுதுவது என்று நமக்குத் தெரிந்திருக்கும்.