விரலுக்குத் தகுந்த வீக்கம்



ஆலயத்தில் அன்னதானம் என்றால் நாம் தலை எண்ணி உலை வைக்கிறோம். ஆனால் பல கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து நூல்களை வழங்கும் சேவையகக் கணினி வாங்கப் புகுந்தால், தலை எண்ணுவதை மறந்து, பெரியதே சிறந்தது என்று விற்பவர் சொல்வதை வேதவாக்காகக் கொள்கிறோம்.

கூகுள் நிறுவனப் பொறியியலாளர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் இரு விலைகளை ஒப்பிட்டனர். 88 சாதாரணச் சேவையகங்கள் அடங்கிய ஓர் அடுக்கு ஏறத்தாழ 278,000 டொலர். அதில் 176 செயலிகள். உயர்தரச் சேவையகம் ஒன்று ஏறத்தாழ 758,000 டொலர். அதில் 8 செயலிகளே. மலிவான பொறி பழுதடையாதா? பழுதடையும். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும்படி அவர்கள் மென்பொருளை அமைத்தனர்.

நாம் 88 வாங்க வேண்டியதில்லை. அவர்கள் பார்த்த கணக்கைப் பார்த்தாற் போதும். கொடுக்கும் பணத்துக்கு எவ்வளவு வேலை கிடைக்கும்? ஒரே வேளையில் எத்தனை பேர் பயன்படுத்துவர்? எதைப் பார்ப்பர்? பொறி நின்றுபோனால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

முப்பது மாணவர் பாடநூலும் வினாத்தாளும் படிக்கும் வாசிகசாலையை எண்ணுங்கள். ஒரு பக்கத்தை எடுத்தவர் அதைப் படிக்கச் சில நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் பொறி சும்மாயிருக்கும். ஆதலின் 8 கிகாபைற் நினைவகமுள்ள, பாவித்த அலுவலகக் கணினியே அங்கு போதும். வாங்கும் விலையோடு செலவு முடிவதுமில்லை. இரவு பகலாக 300 வாற் உண்ணும் பொறிக்கு ஆண்டுக்கு 2,628 அலகு மின்சாரம் வேண்டும்; 30 வாற் பொறிக்கு 263 அலகு.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. இடிமின்னல் மிகுந்த மலைச்சாரலில் வாழ்கிறோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டையும் கண்டோம். ஆகவே திடீர் மின்தடையைத் தாங்கும் மின்கலச் சாதனம், இரண்டாவது வன்தட்டு, வேறோர் இடத்தில் வைக்கும் மறுபிரதி ஆகிய மூன்றிலும் கை சுருக்கலாகாது. பொறி போனால் வேறு வாங்கலாம். சேர்த்த ஏடுகள் போனால் எங்கே வாங்குவது?

சங்கப் பணம் என்பது கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் எமது பெற்றோர் ஈட்டிய கூலியிலிருந்து வந்த சந்தா. தேவைக்கு மிஞ்சிய பொறி ஒன்று மூலையில் மினுங்குவதைவிட, மிஞ்சிய பணத்தில் பிள்ளைகள் கையில் இன்னும் இரண்டு கணினிகள் இருப்பதே மேல். விலைப்பட்டியலைப் புரட்டுமுன் தேவைப்பட்டியலை எழுதுவோம். பெரியோர் கணக்குக் கேட்கட்டும். இளைஞர் நாம் கணக்குக் காட்டுவோம்.