அகரத்துக்கு முந்தைய பாடம்



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாகப் பேசுகிறவர்கள் வழக்கமாக வட்டமேசை மாநாட்டில் தொடங்குவார்கள், அல்லது 1893இல் அவர் தொடங்கிய ‘பறையன்’ இதழில் தொடங்குவார்கள். நான் அவருடைய பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறேன். 1939இல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ சின்னப் புத்தகம். அதில் கோயம்புத்தூரில் தான் படித்த காலத்தைப் பற்றிச் சில வரிகளே எழுதியிருக்கிறார். ஏறத்தாழ நானூறு பிள்ளைகள் படித்த இடம். பத்துப் பேர் போக மற்ற எல்லோரும் பிராமணர்கள். யாரோடாவது சிநேகமானால் ஊர் எது, உறவு யார், சாதி என்ன என்று கேட்பார்களே என்ற பயம் அவருக்கு. அதனால் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் மற்றவர்கள் தன்னை எட்டிப் பிடிப்பதற்குள் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார்.

பின்னாளில் லண்டன் வரை போய் வாதாடிய மனிதர் பள்ளியில் கற்றுக்கொண்டது வேகமாக நடப்பதற்கு. அந்த நடையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் பாடநூலிலும் அது இல்லை. என்றாலும் பிழையில்லாமல் கற்றிருக்கிறார்.

இப்படிப்பட்ட பாடங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பள்ளியில் சேர்ந்த முதல் சில நாட்களில், ‘அ’ எழுதுவதற்கு முன்னால், நம் பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள்? சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இதற்கு ஒரு பெயர் தெரிந்திருக்கும். பிலிப் ஜாக்சன் 1968இல் எழுதிய நூலில் அதை மறைமுகப் பாடத்திட்டம் என்றார். வரிசையில் நிற்பது, காத்திருப்பது, கூட்டத்தில் ஒருவராக இருக்கப் பழகுவது, அதிகாரத்துக்கு அடங்குவது ஆகியவற்றையெல்லாம் சொல்லாமலே பள்ளி கற்பிக்கிறது என்பது அவர் வாதம். அமெரிக்க வகுப்பறைகளைப் பார்த்து எழுதியது அது. நம் வகுப்பறைகளில் அது அவ்வளவு மறைவாக நடப்பதில்லை என்பதுதான் எனக்கு அவரோடு இருக்கும் பிணக்கு.

என் தலைமுறையில் பள்ளியில் சேர்ந்தவர்களுக்குக் காது தொட்ட கதை தெரியும். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்ததாகக் கணக்கு. பிறந்த தேதியைத் தலைமை ஆசிரியரே போட்டுக்கொள்வார். எங்கள் தெருவில் அந்த வருஷம் சேர்ந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஒரே பிறந்தநாள். பெயரும் அவர் கையில்தான் இருந்தது. வீட்டில் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை என்றோ, இவனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர் என்றோ வெட்டிவிடுவார். அப்பன் கைகட்டி நின்று தலையாட்டுவார். பிள்ளை கீழேயிருந்து அப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் அதட்டுகிற அப்பன் இந்த மேசைக்கு முன்னால் எப்படி நிற்கிறார் என்று அது பார்க்கிறது. பள்ளிக்கூடத்தின் முதல் பாடம் பெரும்பாலும் சேர்க்கை நாளிலேயே முடிந்துவிடுகிறது.

பிறகு வருகைப் பதிவு. நான் படித்த ஒரு பள்ளியில் மற்றப் பிள்ளைகளை ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே பெயர்: ‘காலனி’. “காலனி வந்தாச்சா?” என்பார். “வந்தாச்சு சார்” என்று நால்வரும் சேர்ந்து சொல்வோம். அது வசவு என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை, பெயர் போலவே இருந்தது. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, அந்த நால்வரில் ஒருவன் எனக்குப் போன் செய்து, “டேய், நம்ம பேரை எடுத்துட்டாங்கடா” என்றான். சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருக்குமே பேச எதுவும் வரவில்லை.

அண்ணல் அம்பேத்கர் சாதாராவில் அரசுப் பள்ளியில் சேர்ந்தது 1900 நவம்பர் 7 அன்று. மகாராஷ்டிர அரசு 2017இலிருந்து அந்த நாளை மாணவர் தினமாக அனுசரிக்கிறது. ஒருவர் பள்ளியில் சேர்ந்த நாளை ஒரு மாநிலமே கொண்டாடுகிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் அந்தப் பள்ளி அவருக்குக் கொடுத்தது என்ன? வகுப்பின் ஒரு மூலை. உட்காருவதற்குச் சாக்குத் துணி, அதையும் அவரே வீட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டுக்கே எடுத்துப்போக வேண்டும். கூட்டிப் பெருக்குகிற ஆள் அதைத் தொடமாட்டான். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. இது நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். நாம் தவறவிடுவது அதே வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளை. சாக்கில் உட்கார்ந்தவர் கற்றதை அவரே எழுதிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் கற்றதை யார் எழுதினார்கள்? ஏழெட்டு வயதுப் பிள்ளை தினமும் ஒரு குழாயைத் தானே திறந்து குடிக்கிறது. பக்கத்தில் ஒருவன் பியூனுக்காகக் காத்து நிற்கிறான். ஒரு மாதம் இதைப் பார்த்த பிள்ளைக்கு அது சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல இயல்பாகிவிடும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1995இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில், பள்ளியில் மற்ற சாதிப் பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த தண்ணீரைக் குடித்தாள் என்பதற்காக ஒரு தலித் சிறுமியை ஆசிரியர் அடித்தார். அவளுடைய ஒரு கண்ணில் பார்வை போனது. அவள் அப்போதுதான் படிக்கத் தொடங்கிய குழந்தை. எந்தப் பானை யாருக்கு என்று அவள் இன்னும் கற்றிருக்கவில்லை. அதுதான் அவள் செய்த குற்றம்.

அது முப்பது ஆண்டுக்கு முந்தைய கதை என்று சொல்வீர்கள். 2022க்கு வாருங்கள். தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். அதை அவரே வீடியோ எடுத்துப் பரப்பினார். வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அவர்களுக்கு முதலில் விஷயமே புரியவில்லை. கட்டுப்பாடு என்றால் என்ன என்று திருப்பிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நம்முடையது, தோழர்களே. நாம் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்ட கேள்வி. ‘வீட்டில் போய்ச் சொல்லுங்கள்’ என்பதையும் கவனியுங்கள். தண்டனையைச் சுமந்துபோகும் தூதனாகப் பிள்ளையையே ஆக்குகிறார். ஊர் போட்ட தடை சேரிக்குப் போய்ச் சேர்வது ஒரு குழந்தையின் வாய்வழியாக.

அதே 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் பாலக்கரையில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கழிப்பறை கழுவ வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை டெங்குக் காய்ச்சலில் விழுந்து, அம்மா விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். பிள்ளை அதுவரை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று பலர் கேட்டார்கள். ஏன் சொல்லும்? பள்ளிக்கூடத்தில் சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. கூட்டல் கணக்கு ஒருவருக்கு, பிளீச்சிங் பவுடர் இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுத்தால், அதையும் பாடம் என்றுதான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நினைக்கும்.

இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகி ‘ஜூட்டன்’ என்ற தன்வரலாற்றில் எழுதிய சம்பவம் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. தலைமை ஆசிரியர் அவரை வகுப்புக்குள் விடாமல் விளக்குமாற்றைக் கொடுத்துப் பள்ளி முழுவதையும் கூட்ட வைத்தார். மூன்றாம் நாள் அந்த வழியாகப் போன தகப்பனார் பார்த்துவிட்டார். விளக்குமாற்றைப் பிடுங்கி எறிந்து, பள்ளியே அதிரும்படி சத்தம் போட்டார். மகன் கடைசிவரை மறக்காதது அந்தச் சத்தத்தை. மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்கும் அப்பனைப் பார்த்துக் கற்ற பாடத்தை அழிக்க, இப்படி ஒரு அப்பனைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சமையலுக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போனவர்கள் இந்த அறையில் பாதிப்பேர். அது விரிந்த அடுத்த மாதமே கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும், தலித் பெண் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்தார்கள். ஆட்சியரும் அமைச்சரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பள்ளிக்குள் நடந்தபோதும் இப்படித்தான். பெற்றோர் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வருஷம் அவள் ஒரே ஒரு ஆசிரியையோடு தனியாகப் படித்தாள். இழுத்துப் போகப்பட்ட பிள்ளையும் அன்று ஒரு பாடம் கற்றது, எங்கே பசித்தாலும் சாப்பிடக் கூடாது என்று.

இந்த ஊரைச் சுற்றி இன்னொரு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அமிர்தி காட்டைத் தாண்டினால் ஜவ்வாது மலை. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஐந்து வயதில் அம்மாவை விட்டுப் பிரிந்து விடுதிக்கு வருகிற பிள்ளை முதல் வாரத்தில் கற்பது, தன் வீட்டுப் பேச்சைக் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்பதை. அடுத்து, சாமைச் சோறு தின்றதை வெளியே சொல்லக் கூடாது என்பதை. இப்போது அதே சாமை நகரத்துக் கடைகளில் அழகான பையில், அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறது. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்றுகூடக் கொண்டாடினார்கள். அந்தப் பிள்ளையிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாம் சேரிப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய அளவுக்கு மலைப் பிள்ளைகளைப் பற்றி நம் இதழ்களில் எழுதவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுக்கு முன் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்தார்கள். எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்த பிறகு ஒடுக்கப்பட்ட பையன்களின் மதிப்பெண் கணிசமாகச் சரிந்தது. காகிதம் அதே காகிதம், பையனும் அதே பையன். வாசித்தது மட்டும்தான் புதிது.

இப்போது நம் பள்ளிகளில் உதவித்தொகைப் படிவம் வரும் நாளை நினைத்துப் பாருங்கள். “எஸ்.சி. எல்லாம் எழுந்திருங்க.” இதைக் கேட்காதவர் இந்த அறையில் யாராவது இருந்தால் கை தூக்கலாம். நாம் போராடி வாங்கிய உதவித்தொகை அது. வாங்கிய உரிமையையே அடையாளக் குறியாக மாற்றி நெற்றியில் ஒட்டிவிடுகிறது ஒரு வாக்கியம். உதவித்தொகை வேண்டாம் என்று சிலர் இதிலிருந்து முடிவுக்கு வருவார்கள், அது நம் எதிரிகளின் முடிவு. படிவம் வேண்டும். எழுந்து நிற்கத் தேவையில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது என்ற பரிந்துரையைத்தான் தொலைக்காட்சிகள் விவாதித்தன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அகர வரிசையில் இருக்கை, சாதிக் குறிப்பு இல்லாத வருகைப் பதிவேடு, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் மாணவரைத் தனியாக அழைத்துச் சொல்வது. பன்னிரண்டாம் வகுப்பில் அரிவாள் எடுத்தவன் பதினேழு வயதில் சாதியைக் கற்றவன் இல்லை. ஒன்றாம் வகுப்பில் எவன் எங்கே உட்கார்ந்தான் என்று பார்த்தவன்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நம் தெருப் பெண்கள் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். பல இடங்களில் தீர்மான நோட்டு அவர்களிடம் கையெழுத்துக்கு மட்டும்தான் வருகிறது.

எனவே இந்தப் பகுதித் தோழர்களிடம் ஒரு வேலையை வைக்கிறேன். சம்பவம் நடந்த பிறகு ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறோம், போகத்தான் வேண்டும். அதற்கு முன்னால், ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்தில் மேலாண்மைக் குழுவிலிருக்கும் நம் அம்மாக்களோடு ஒன்றாம் வகுப்புக்குப் போங்கள். சண்டைக்கு வேண்டாம், பார்க்க. தண்ணீர்க் குழாயை யார் திறக்கிறார்கள், விளக்குமாறு யார் கையில் இருக்கிறது, கடைசி வரிசையில் யார், ஆசிரியர் எந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், யாருக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை என்று பாருங்கள். ஒழுங்காக நடக்கிற வகுப்பு இருந்தால் அந்த ஆசிரியரிடம் அதைச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் தனியாகத்தான் நிற்கிறார்கள். ஒழுங்காக இல்லையென்றால் அன்றைக்கே தீர்மான நோட்டைக் கேட்டு வாங்கி எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத அம்மாவாக இருந்தால், இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவர்கள் கூடப் போய் அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக் கொடுங்கள். மலைப் பள்ளிகளுக்கு யார் போவது என்பதை இன்று சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பேசிவிடுவோம். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போக எனக்கு விருப்பம், இன்னும் இரண்டு பேர் வேண்டும்.