உபதேசம் என்றொரு சொல்
(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)

ஐந்து நிமிடம் பேசச் சொன்ன செயலாளர், "சார், உபதேசம் மட்டும் வேண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். சரி, அந்தச் சொல்லைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

'உப' என்றால் அருகில். பூணூல் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள். அப்பாவையும் பையனையும் துணியால் மூடி, காதோடு காதாக மந்திரம் சொல்வார்கள். அதற்குப் பெயர் பிரம்மோபதேசம். சுவாமிமலையில் முருகன் தகப்பனுக்குச் சொன்னதும் காதில்தான், அதுவும் அவர் கேட்ட பிறகு.

இன்றைக்கு 'உபதேசம் பண்ணாதே' என்றால் 'வாயை மூடு' என்று அர்த்தம். பிரசங்கத்துக்கும் இதே கதி. அதிகப்பிரசங்கி என்பது வாய்த்துடுக்கான பிள்ளைகளைத் திட்டும் சொல்லாகிவிட்டது. நாங்கள் பி.காம். படித்தபோது 'அறுவை' என்போம். அப்புறம் பிளேடு, ரம்பம். என் பேரன் 'மொக்கை' என்கிறான். மொக்கை என்றால் கூர் இல்லாதது. பிளேடாவது சட்டென்று அறுத்துவிடும். மொக்கைக் கத்தியிடம் மாட்டினால் என்ன அவஸ்தை! பேரன் சொல்வதுதான் பொருத்தம்.

எனக்கு இது உறைத்த இடம் வங்கி கவுண்டர். ஒரு அம்மா ஃபிக்ஸட் டெபாசிட்டைக் கெடு முடியும் முன்பே எடுக்க வந்தார். வட்டி குறையும் என்று சொல்வது என் வேலை. ஒரு வரி போதும். நானோ, வயதான காலத்தில் கையில் காசு வேண்டாமா, இப்போதெல்லாம் யாருக்குச் சேமிக்கத் தெரிகிறது என்று பத்து நிமிடம் பேசினேன். வரிசையில் நின்றவர்களும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே.

"தம்பி, வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆபரேஷன். பணத்தைக் கொடுங்க" என்றார்.

பிறகு ஒரு நாள் வந்தவர், பக்கத்து கவுண்டரில் ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் போய் நின்றார். என் முன்னால் ஒருவரும் இல்லை.

அதற்கப்புறமும் திருந்தினேனா? நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் தண்ணீர் சிக்கனம், பெற்றோரை மதிப்பது என்று நான்கு படம் போடுவது நான்தான். போன மாதம் தண்ணீர் லாரி வராது என்ற அறிவிப்பையும் அதே குழுவில்தான் போட்டோம். கைக்குழந்தை இருக்கும் ஒரு வீட்டில் அதைப் பார்க்கவில்லை. குழுவை மியூட்டில் வைத்திருந்தார்களாம். காரணம் கேட்டேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "அங்கிள், காலையில் நிறைய மெசேஜ் வருது" என்றாள்.

படங்களை நிறுத்திவிட்டேன். இனி மோட்டார் நேரம், லாரி நேரம் மட்டும்தான். தயவுசெய்து மியூட்டை எடுத்துவிடுங்கள்.