நான் கட்டிய சிறு ஹெலிகாப்டர்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகைக்கு முன் நின்று பேசியவன் நான். ஓய்வு பெற்ற பின் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் பேரனோடு அமர்ந்து நான் கற்ற பாடம் ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அப்பாடத்தைக் கற்பித்தது ஒரு சிறு ஹெலிகாப்டர். கையிலுள்ள பெட்டியின் விசைகளை அசைக்க, வானொலி அலையால் இயங்கும் பொறி அது.

இந்த உரையைச் சுமந்து வரும் நடுத்தர அலைகள் நொடிக்குப் பல இலட்சம் முறை அதிர்பவை. அப்பொறிக்குக் கட்டளை கொண்டு செல்லும் அலைகளோ நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்கின்றன. எனினும் இரண்டும் ஓரினத்தவையே. எனவே இப்பொருளைப் பற்றி வானொலியில் பேசுவது பொருத்தமே அன்றோ?

முழுமையாகக் கட்டி முடித்த ஹெலிகாப்டரை நாங்கள் வாங்கவில்லை. இவ்வகைப் பொறிகளுக்கெனப் பல உற்பத்தியாளர்கள் தனித்தனியே மாற்று உதிரிகள் செய்து விற்கின்றனர். கரிமநார்த் தகட்டாலான சட்டம் ஓரிடத்தில், அலுமினியத்தில் கடைந்த சுழலித் தலை வேறோரிடத்தில், மோட்டார் மற்றோரிடத்தில் என்று தேடிச் சேர்த்தோம். இறக்கை ஒன்றின் நீளம் 325 மில்லிமீட்டர். இரண்டும் சுழலும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். மின்கலத்தோடு சேர்ந்து மொத்த எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு.

ஹெலிகாப்டர் எவ்வாறு பறக்கிறது? மேலே சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. காற்று பொறியை மேலே தள்ளுகிறது. இறக்கைகளின் சாய்வுக் கோணத்தை ஒருசேரக் கூட்டினால் பொறி எழும். ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்தால் அது சாய்ந்து நகரும். இவ்வேலையைச் செய்வது சுழலித் தண்டைச் சூழ்ந்துள்ள சாய்வுத் தட்டு. ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே ஒரு தொல்லையும் தருகிறது. இறக்கைகள் வலஞ்சுழியாகச் சுழன்றால் உடல் இடஞ்சுழியாகச் சுழல முற்படும். அதனைத் தடுத்து நிறுத்துவதே வாலில் உள்ள சிறு சுழலி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

விளையாட்டுப் பொருள்தானே என்று இதனை எளிதாக எண்ண வேண்டா. அமெரிக்காவில் ஆர்தர் யங் என்பார் 1928 முதல் பல ஆண்டுகள் சிறு மாதிரிகளைச் செய்தும் உடைத்தும் ஆராய்ந்தார். சுழலியை நிலைப்படுத்தும் சமன்கோலை அம்மாதிரிகளின் வாயிலாகவே உருவாக்கினார். 1941 இல் அவர் பெல் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் வடிவமைத்த பெல் 47 என்னும் ஹெலிகாப்டர் 1946 மார்ச் 8 அன்று, பொதுமக்கள் பயன்பாட்டுக்கான அமெரிக்க அரசின் சான்றிதழைப் பெற்றது. மனிதரைச் சுமந்த அப்பொறியின் பள்ளிக்கூடம் சிறு மாதிரிகளே.

எங்கள் வேலைக்கு வருவோம். உதிரிகள் ஒவ்வொன்றும் தனியே நோக்கினால் நன்றாகவே இருந்தன. ஒன்றோடொன்று பொருத்தும்போதுதான் துன்பம் தொடங்கியது. ஒருவர் செய்த தண்டு மற்றொருவர் செய்த துளையில் மயிரிழை இறுகும். வேறொன்று மயிரிழை ஆடும். மோட்டாரின் 13 பற்கள் கொண்ட சிறு சக்கரம் 150 பற்கள் கொண்ட பெருஞ்சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அவை மிக நெருங்கினால் தேயும். விலகினால் பற்கள் நழுவும். அவற்றுக்கிடையே மெல்லிய காகிதத் துண்டை நுழைத்துப் பொருத்தி, மோட்டாரை முடுக்கியபின் அதை எடுத்துவிட்டால் சரியான இடைவெளி அமையும். இறக்கைகள் இரண்டையும் தராசுபோல் தொங்கவிட்டு, எடை குறைந்த இறக்கையில் ஒட்டுநாடா சுற்றிச் சமன் செய்தோம்.

இத்தனை கவனம் எதற்கு? கணக்கு நோட்டை எடுங்கள். எங்கள் மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3,500 சுற்று சுழல்வது. மின்கலத்தின் அழுத்தம் 11.1 வோல்ட். இவ்விரண்டையும் பெருக்கி, 13 ஆல் பெருக்கி 150 ஆல் வகுத்தால், சுழலியின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,370 சுற்று. பளு ஏறியபின் அது 2,800 ஆகக் குறைவதாகக் கொள்வோம். அப்போதும் இறக்கை நுனியின் வேகம் நொடிக்கு 100 மீட்டருக்கு மேல். அதாவது மணிக்கு 360 கிலோமீட்டருக்கும் மேல்! ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள ஓர் இறக்கை தன் பிடியை 40 கிலோகிராம் எடைக்கும் மேற்பட்ட விசையோடு வெளியே இழுக்கிறது. அவ்விசையைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு திருகாணி.

ஆகவே, உலோகத்தில் ஏறும் திருகாணி ஒவ்வொன்றின் மரையிலும், அதிர்வால் தளராதிருக்க, ஒரு துளி திருகுப் பசை இட வேண்டும். பேரன் ஓர் ஏட்டில் ஒவ்வொன்றாகக் குறித்து வந்தான். முதன்முதலாகப் பறக்கவிடும் நாளன்று காலையில், "தாத்தா, வால் சுழலியின் திருகாணிக்குப் பசை இட்டீர்களா? ஏட்டில் குறிப்பு இல்லையே" என்று கேட்டான். எனக்கு நினைவில்லை. "நினைவில்லை" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பன்னூறு மாணவரைக் கேள்வி கேட்டுப் பழகிய நாவுக்கு அது வரவில்லை. "எல்லாம் இட்டாயிற்று, நட" என்றேன்.

அறுவடை முடிந்த வயலுக்குச் சென்றோம். பேரன் மோட்டார் கொட்டகையின் கதவருகே நின்றான். இன்னும் தொலைவில் நிற்கட்டும் என்று தோன்றவே, அவனை அழைத்து எனக்குப் பின்னால் நிற்கச் செய்தேன். பொறி இடுப்பளவு உயர்ந்து நின்றது. எங்கள் இருவர் மனமும் அதனோடு உயர்ந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திடீரென்று அதன் உடல் பம்பரம்போல் இடஞ்சுழியாகச் சுழலத் தொடங்கியது. நியூட்டனின் விதி தன் கடமையைச் செய்தது. நான் மின்விசையை நிறுத்தினேன். சாய்ந்து விழுந்த பொறியின் இறக்கை தரையில் மோதி முறிந்தது. முறிந்த துண்டு பறந்து சென்று கொட்டகைக் கதவின் பலகையில் தைத்து நின்றது. சற்று முன் என் பேரன் சாய்ந்து நின்ற இடம் அது.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தோம். அரிசி மணியளவே உள்ள அந்தத் திருகாணி தளர்ந்திருந்தது. மரையில் பசையின் சுவடே இல்லை. பேரன் ஒன்றும் சொல்லவில்லை. "நான் பசை இடவில்லை, தம்பி. நினைவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன்" என்றேன். தலைமையாசிரியராக இருந்த காலத்தில் எத்தனையோ மாணவரை உண்மை சொல்லப் பணித்திருக்கிறேன். அது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அன்றிலிருந்து எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் முடுக்கிய திருகாணியை மற்றவர் சோதித்துக் கையொப்பமிட வேண்டும். மனிதர் ஏறும் விமானங்களிலும், கட்டுப்பாட்டு உறுப்புகளைப் பழுதுபார்த்த பின், செய்தவரல்லாத மற்றொருவர் சோதிக்கும் வழக்கம் உண்டு. அது ஒருவர்மீது ஒருவர் கொண்ட ஐயத்தால் அன்று. மனித நினைவின் எல்லையை அறிந்த பணிவால். மூன்று மாதம் கழித்து அதே பொறி அதே வயலில் ஆறு நிமிடம் நின்று பறந்தது. இம்முறை விசைப்பெட்டி பேரன் கையில் இருந்தது.

உங்களுள் யாரேனும் இம்முயற்சியில் இறங்கினால் சில சொற்கள். பெரியவர் ஒருவரைத் துணை கொள்ளுங்கள். மேசைமேல் வைத்துச் சரிசெய்யும்போது மோட்டாரின் சிறு சக்கரத்தைப் பெருஞ்சக்கரத்திலிருந்து விலக்கி வையுங்கள். லித்தியம் மின்கலத்துக்கு மின்னேற்றும்போது அருகிலேயே இருங்கள். உப்பிய மின்கலத்தைப் பயன்படுத்தாதீர்கள். 2021 ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாக வகுத்தன. நடப்பிலுள்ள விதிகளையும் உங்கள் இடம் எம்மண்டலத்தில் உள்ளது என்பதையும் அறிந்த பின்னரே பறக்கவிடுங்கள். மக்கள் நடமாடும் இடம் அறவே வேண்டா.

இவற்றுக்கெல்லாம் மேலாக, "இதைச் செய்தாயா?" என்று ஒருவர் கேட்கும்போது நினைவில்லையெனில், "நினைவில்லை, மீண்டும் பார்க்கிறேன்" என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அச்சொல்லால் எவருடைய மதிப்பும் குறைந்துவிடாது. அந்தக் கொட்டகைக் கதவில் இறக்கைத் துண்டு தைத்த வடு இன்றும் இருக்கிறது. புதுக் கதவு போடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான்தான் வேண்டா என்று தடுத்துவிட்டேன்.